கோடை முடியும் வேளையில் மீன்தொட்டி நீரைச் செடிகளுக்கு ஊற்றுவது சரியா?

கேள்வி: நீர்முள்ளி

அனைவருக்கும் வணக்கம். வீட்டினுள் 100 லிட்டர் கொள்ளளவுள்ள கண்ணாடி மீன்தொட்டி ஒன்றும், அதை ஒட்டிய பால்கனியில் தக்காளி, மிளகாய், அவரை, வெண்டை ஆகியவற்றை வளர்க்கும் செடித்தொட்டிகளும் வைத்திருக்கிறேன். மீன்தொட்டியில் இரண்டு தங்கமீன்களும் சில பிளாட்டி மீன்களும் இருக்கின்றன. கோடையின் தொடக்கத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. கோடை முடியப்போகும் இந்த வாரங்களில்தான் உள்ளேயும் வெளியேயும் ஒரே சமயத்தில் தொல்லை தொடங்கியிருக்கிறது.

முதலில் மீன்களைப் பற்றிச் சொல்கிறேன். விடியற்காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால் எல்லா மீன்களும் நீர்மட்டத்துக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. காலை ஒன்பது, பத்து மணிக்குள் யாரும் எதுவும் செய்யாமலேயே கீழே இறங்கி இயல்பாக நீந்தத் தொடங்கிவிடுகின்றன. நண்பகலில் நீரின் வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது; அப்போது அவை நன்றாகவே இருக்கின்றன. வெப்பம் 29 டிகிரிக்கு இறங்கியிருக்கும் விடியலில் மட்டும் ஏன் இப்படித் திணறுகின்றன என்பது விளங்கவில்லை. ஃபில்டர் நாள் முழுவதும் ஓடுகிறது. ஏர் பம்ப் இரைச்சலிடுவதால் இரவில் அதை நிறுத்திவிடுவது வழக்கம். தொட்டியில் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி நன்றாகப் படர்ந்திருக்கிறது. நீரும் சில நாட்களாகச் சற்றுப் பச்சை நிறமாகத் தெரிகிறது.

செடிகளில், அவரை இலைகளின் விளிம்பு பழுப்பாகிக் காய்ந்து சுருள்கிறது. தக்காளி பூக்கிறது, ஆனால் பூக்கள் காம்போடு உதிர்ந்துவிடுகின்றன. வெண்டை இலைகள் புள்ளி புள்ளியாக வெளிறி, அடிப்பக்கத்தில் நூலாம்படை படிந்தது போலத் தெரிகின்றன.

மீன்தொட்டியில் ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தினமும் குழாய் நீர் ஊற்றி வருகிறேன். எப்போதாவது அடியில் படிந்த கழிவோடு கொஞ்சம் நீரை உறிஞ்சி எடுத்து, அதை வீணாக்காமல் செடிகளுக்கு ஊற்றுகிறேன். மீன்தொட்டி நீர் நல்ல உரம் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மைதானா? மீன்தொட்டியில் பனிக்கட்டி போடலாமா? வெண்டைக்கு வேப்பெண்ணெய் தெளித்தால் பக்கத்து அறையில் இருக்கும் மீன்களுக்குக் கேடு வருமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: அயிரை

வணக்கம் நண்பரே. நீங்கள் விவரித்திருப்பது வெப்பத்தின் நேரடித் தாக்குதல் அன்று, ஆக்சிஜன் பற்றாக்குறை. நேரத்தைத் துல்லியமாகக் குறிப்பிட்டதால் இதைத் தயக்கமின்றிச் சொல்ல முடிகிறது.

நன்னீரில் 20 டிகிரி வெப்பநிலையில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 25 டிகிரியில் அது 8.3 ஆகவும், 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5 ஆகவும் குறைந்துவிடும். மீனின் உடல் வெப்பநிலை நீரோடு சேர்ந்தே ஏறுவதால், நீர் 10 டிகிரி சூடானால் அதன் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஆக, வரவு குறையும் அதே வேளையில் செலவு கூடுகிறது. பகலில் வாலிஸ்னேரியாவும், நீரைப் பச்சையாக்கியிருக்கும் நுண்பாசியும் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடுவதால் இந்தப் பற்றாக்குறை மறைந்துகிடக்கிறது. விளக்கை அணைத்த பிறகு அந்தச் செடிகளும் பாசியும், மீன்களும், ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்களும் ஒன்றாகச் சேர்ந்து ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. புதிதாக உண்டாக்க யாரும் இல்லை. இரவு முழுவதும் குறைந்துகொண்டே வந்து, விடியலுக்குச் சற்று முன்பு அது அடிமட்டத்தைத் தொடுகிறது. வெளிச்சம் வந்து சில மணி நேரத்தில் மீன்கள் தாமாகத் தெளிவதற்கும் இதுவே காரணம்.

எனவே ஏர் பம்பை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் பகலில் நிறுத்துங்கள். இரவில் கட்டாயம் ஓட வேண்டும். இரைச்சலின் பெரும்பகுதி பம்ப் அமர்ந்திருக்கும் பலகையின் அதிர்விலிருந்துதான் வருகிறது. ஒரு கயிற்றில் தொங்கவிட்டாலோ தடித்த ஸ்பாஞ்சின் மேல் வைத்தாலோ பாதி அடங்கிவிடும். நீர்மட்டத்துக்கு மேலான உயரத்தில் வைத்தால் மின்சாரம் நின்றாலும் குழாய் வழியே நீர் பின்னோக்கி வராது. குமிழிகள் மேலேறும்போது கரையும் ஆக்சிஜன் சொற்பமே. அவை நீரின் மேற்பரப்பைக் கலக்கிவிடுவதுதான் முக்கியமான வேலை. அதனால் ஃபில்டரின் வெளியேற்றுக் குழாயை மேற்பரப்பு சலசலக்கும்படி மேல்நோக்கித் திருப்பி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஃபில்டர் ஸ்பாஞ்ச் அடைத்திருந்தால், மீன்தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து கழுவுங்கள். குழாய் நீரின் குளோரின் அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும்.

பனிக்கட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு லிட்டர் நீரை உறையவைத்து மூடிய புட்டியோடு மிதக்கவிட்டால், அது முழுவதும் உருகி 100 லிட்டர் நீரை ஒரு டிகிரிக்குச் சற்று மேல் குளிர்விக்கும், அவ்வளவுதான். மாலைக்குள் வெப்பம் மீண்டும் ஏறிவிடும். இந்த ஏற்ற இறக்கம் நிலையான 30 டிகிரியைவிட மீனைக் கூடுதலாக அலைக்கழிக்கும். உயிர் போகும் நெருக்கடியில் ஒருமுறை செய்யலாம். அன்றாட வழக்கமாக்குவதை நான் ஏற்க மாட்டேன். அதைவிடக் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலையால் மூடி, நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி சிறிய மின்விசிறி ஒன்றை வையுங்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம், கணக்குப்படி 100 லிட்டர் நீரை ஐந்து டிகிரிக்கு மேல் குளிர்விக்கப் போதுமானது. அறையிலிருந்து வெப்பம் தொடர்ந்து உள்ளே வந்துகொண்டிருப்பதால் நடைமுறையில் இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குறையும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் இதுவும் சுருங்கும்.

உணவு விஷயத்திலும் ஒரு மாற்றம் தேவை. உண்ட பிறகு சில மணி நேரத்துக்கு மீனின் ஆக்சிஜன் தேவை கூடும். மாலையில் வயிறு நிறைய உணவிட்டால் அந்தச் சுமை முழுவதும் இரவின் கணக்கில் ஏறிவிடும். காலையில் மீன்கள் தெளிந்த பிறகு ஒரே வேளை, அதுவும் குறைவாக இடுங்கள். தங்கமீனுக்கு 18 முதல் 24 டிகிரி வரைதான் உகந்தது. பிளாட்டி இன்னும் சற்று வெதுவெதுப்பான நீரையும் தாங்கும். இவ்விரண்டையும் 100 லிட்டரில் சேர்த்து வைத்திருப்பது கோடையில் தங்கமீனுக்கு நியாயம் செய்வதாகாது என்பது என் கருத்து. வெயில் தணிந்ததும் பிரித்து வைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

மறுமொழி: மூடாக்கு

மீன்களைப் பற்றி அயிரை விரிவாகவே எழுதிவிட்டார். நான் பால்கனிக்கு வருகிறேன்.

தக்காளிப் பூ உதிர்வதற்கு நோயோ உரக்குறையோ காரணம் அன்று. பகல் வெப்பம் 32 டிகிரிக்கு மேலும் இரவு வெப்பம் 21 டிகிரிக்கு மேலும் தொடர்ந்து நிற்கும்போது மகரந்தம் வீரியமிழந்து, கருவுறாத பூக்களைச் செடியே உதிர்த்துவிடுகிறது. இரவுகள் குளிரத் தொடங்கியதும் மறுபடியும் காய் பிடிக்கும். ஆகவே செடியைப் பிடுங்கிவிடாதீர்கள், பூக்கவில்லையே என்று கூடுதல் உரமும் இடாதீர்கள். இப்போது தழைச்சத்து மிகுந்தால் இலைதான் பெருகும். பெருகிய இலை இன்னும் அதிக நீர் கேட்கும். ஏற்கெனவே பிடித்த காய்கள் சிவக்காமல் மஞ்சளாகவே நின்றால் அதற்கும் கவலை வேண்டாம்: 30 டிகிரிக்கு மேல் தக்காளியின் சிவப்பு நிறமி சரியாக உருவாவதில்லை. நிறம் மாறத் தொடங்கிய காயைப் பறித்து வீட்டினுள் நிழலில் வைத்தால் பழுத்துவிடும்.

வெண்டையில் நீங்கள் காண்பது நூலாம்படை அன்று. செம்பேன் எனப்படும் சிலந்திப்பேனாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து, இலையை விரலால் இரண்டு முறை தட்டுங்கள். விழுந்த தூசியைச் சற்று நேரம் அசையாமல் பாருங்கள். மணல்துகளைவிடச் சிறிய புள்ளிகள் மெல்ல நகரத் தொடங்கினால் அது பேன்தான். விரலால் தேய்த்தால் தாளில் பழுப்புக் கோடு விழும். வறண்ட வெப்பத்தில் முட்டையிலிருந்து முதிர்ந்த பேனாக வளர ஏறத்தாழ ஒரு வாரமே போதும் என்பதால்தான் கோடையின் கடைசியில் திடீரென்று பெருகியது போலத் தெரிகிறது. மருந்தைத் தேடுவதற்கு முன், காலை வேளையில் இலையின் அடிப்பக்கத்தில் படும்படி வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்; சில நாள் இடைவெளியில் இதைத் திரும்பச் செய்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். மிகவும் பாதித்த அடியிலைகளைக் கிள்ளி எடுத்துவிடலாம். வெயிலில் இலை நனைந்தால் நீர்த்துளி பூதக்கண்ணாடியாகி இலையைச் சுட்டுவிடும் என்று சிலர் தடுப்பார்கள். 2010-இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, வழவழப்பான இலைகளில் அப்படி நடப்பதில்லை என்றும், துளியை இலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் மெழுகு மயிர்களை உடைய சால்வினியா என்ற மிதக்கும் நீர்ப்பெரணி போன்றவற்றில் மட்டுமே கருகல் ஏற்படலாம் என்றும் எழுதினார்கள். காலையில் கழுவச் சொல்வதற்குக் காரணம் வேறு: மாலையில் நனைத்த இலை இரவெல்லாம் ஈரமாகவே இருந்து பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

உங்கள் செடித்தொட்டிகள் கறுப்புப் பிளாஸ்டிக்காக இருந்தால், வெயில் படும் பக்கத்து மண் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தப் பக்கத்து வேர்கள் வேலைநிறுத்தம் செய்துவிடும். தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி வைத்து, வெளி வரிசைக்கு மட்டும் ஒரு பலகையோ வெளிர்நிறத் துணியோ மறைப்பாகக் கொடுங்கள். மண்ணின் மேல் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் தடிமனுக்குச் சருகோ வைக்கோலோ மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். நிழல்வலை கட்டுவதானால் 30 முதல் 50 சதவீதம் வரை மறைக்கும் வகை போதும்.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். நீர் ஊற்றியவுடன் அடித்துளையில் வழிந்துவிடுகிறதென்றால் செடி நிறையக் குடித்துவிட்டது என்று பொருளில்லை. தென்னை நார்க்கழிவு கலந்த மண் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் நீரை ஏற்காது. மண் சுருங்கி விலகிய ஓரத்தின் வழியாக நீர் நேரே கீழே ஓடிவிடும். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் எடையிலேயே தெரியும். அப்படியானால் ஒரு வாளி நீரில் தொட்டியின் பாதி உயரம் மூழ்கும்படி அரை மணி நேரம் வைத்து எடுங்கள்.

மீன்தொட்டி நீர் உரம்தான், ஆனால் மெல்லிய உரம். மீன்கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம் உள்ள நீரில் தனித் தழைச்சத்து 9 மில்லிகிராம்தான் இருக்கும். மண்ணில்லா வேளாண்மையில் கொடுக்கும் ஊட்டக்கரைசலில் அது 100 முதல் 200 மில்லிகிராம் வரை இருக்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்த கலங்கல் நீர் அதைவிடச் சத்து மிகுந்தது. அதைக் கீழே கொட்ட வேண்டாம். மீன்தொட்டியில் நிழலுக்காக ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகளை விடுவதும் நல்லது; பாசியும் குறையும்.

அவரையின் விளிம்புக் கருகலுக்கு வெப்பமும் காரணமாகலாம், உப்பும் காரணமாகலாம். உங்கள் குழாய் நீரையும் மீன்தொட்டி நீரையும் டிடிஎஸ் மீட்டரால் (நீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்துள்ளன என்று காட்டும் கருவி) அளந்து எழுத முடியுமா?

நீர்முள்ளி

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு ஏர் பம்பை ஓடவிட்டேன். விடியலில் ஒரு தங்கமீன் மட்டுமே மேலே இருந்தது. வெள்ளைத் தாளில் புள்ளிகள் நகர்ந்தன. பேன் என்பது உறுதி.

அளந்த விவரம் இது: குழாய் நீரின் டிடிஎஸ் 420, மீன்தொட்டி நீரின் டிடிஎஸ் 1180. மீன்தொட்டியில் பிஎச் (நீரின் அமில-காரத் தன்மை) 8.2, நைட்ரேட் லிட்டருக்கு 80 மில்லிகிராம், மொத்த அம்மோனியா 0.5 மில்லிகிராம். கண்ணாடியின் உட்புறத்தில் நீர்மட்டத்தை ஒட்டி நகத்தால் சுரண்டினாலும் வராத வெள்ளைக் கோடு ஒன்று இருக்கிறது. அவரைத் தொட்டியின் விளிம்பிலும் அதே போன்ற வெள்ளைப் படிவு தெரிகிறது. உறிஞ்சி எடுத்த நீரைப் பெரும்பாலும் அவரைக்கே ஊற்றிவந்தேன், வாசலுக்கு அருகில் இருப்பது அதுதான்.

மறுமொழி: உப்பளம்

அந்த வெள்ளைக் கோட்டிலேயே விடை இருக்கிறது. நீர் ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது. அதில் கரைந்திருந்த உப்புகள் அனைத்தும் தொட்டியில் தங்கிவிடுகின்றன. அந்த இடத்தை மறுபடியும் குழாய் நீரால் நிரப்பும்போது புதிய உப்பும் வந்து சேர்கிறது. 100 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் ஆவியாகி, அதைக் குழாய் நீராலேயே ஈடுசெய்து, வேறு நீர்மாற்றம் எதுவும் செய்யாவிட்டால், 50 நாட்களில் உப்பின் அளவு இரு மடங்காகிவிடும். சுண்ணாம்பின் ஒரு பகுதி கண்ணாடியில் படிந்துவிடுவதால் மீட்டர் காட்டுவது சற்றுக் குறைவாக இருக்கலாம். கோடையின் தொடக்கத்தில் தெரியாத சிக்கல் கோடையின் முடிவில் தெரிவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அயிரை சொல்லும் மின்விசிறியை வைத்தால் ஆவியாதல் இன்னும் கூடும் என்பதால், இதைச் சரிசெய்யாமல் விசிறியை வைக்க வேண்டாம்.

இனி ஆவியான அளவை மட்டும் ஈடுசெய்யும் நீர், உப்பு நீக்கிய நீராகவோ தூய மழைநீராகவோ இருக்கட்டும். நெடுநாள் வறட்சிக்குப் பிறகு கூரையிலிருந்து வழியும் முதல் மழைநீரில் தூசியும் பறவை எச்சமும் கலந்திருக்கும். அதை விட்டுவிட்டுப் பின்னர் வருவதைப் பிடியுங்கள். பகுதி நீரை எடுத்துவிட்டு மாற்றும்போது குளோரின் நீக்கிய குழாய் நீரையே பயன்படுத்துங்கள். முழுவதும் மழைநீராக மாற்றினால் பிஎச்சைத் தாங்கி நிறுத்தும் கார்பனேட்டுகள் இல்லாமல் போய், அது ஒருநாள் சடாரென்று சரியும்.

மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியா 0.5 என்பது பார்வைக்குச் சிறிய எண்ணாக இருக்கலாம். ஆனால் அதில் நஞ்சாக இருக்கும் அயனியாகாத பகுதி எவ்வளவு என்பதைப் பிஎச்சும் வெப்பநிலையும் முடிவுசெய்கின்றன. 30 டிகிரியில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பகுதியே நஞ்சு, உங்கள் 8.2-இல் அது ஏறத்தாழ 11 சதவீதம். அதாவது லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குச் சற்று மேல், செவுள்களை வதைக்கத் தொடங்கும் எல்லைக்குள் வந்துவிட்டது. ஏற்கெனவே ஆக்சிஜனுக்கு ஏங்கும் மீனுக்குச் செவுளும் பழுதானால் இரட்டைச் சுமை.

இதற்காக இன்றே பாதி நீரை மாற்றிவிடாதீர்கள். 1180 டிடிஎஸ் நீருக்குப் பழகிய மீனின் உடல், திடீரென்று வரும் மெல்லிய நீரைத் தாங்கத் திணறும். நாள்தோறும் பத்து லிட்டர் எடுத்துப் பத்து லிட்டர் ஊற்றுங்கள். பத்து முறை செய்து முடிக்கும்போது டிடிஎஸ் ஏறத்தாழ 685-க்கு வந்திருக்கும். குழாய் நீரில் நைட்ரேட் இல்லையென்றால், மீன்கள் இடையில் சேர்ப்பதைத் தவிர்த்துப் பார்க்கும்போது அதுவும் முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிடும்.

அவரைக்கு வருவோம். காய்கறிகளில் உப்பை மிகக் குறைவாகத் தாங்குபவற்றில் ஒன்று பீன்ஸ் இனம். வேர்மண்டலத்து மண்சாற்றின் மின்கடத்துதிறன் (கரைந்த உப்பு கூடக்கூட ஏறும் அளவு) மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே பீன்ஸின் விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய்க்கு அந்த எல்லை 1.5, தக்காளிக்கு 2.5. உங்கள் மீன்தொட்டி நீர் ஏறத்தாழ 2 டெசிசீமன்ஸ் அளவில் இருக்கும். செடித்தொட்டியில் அதுவும் ஆவியாகி மேலும் செறிவடைகிறது. முதல் வேலையாக, அவரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல இரு மடங்கு குழாய் நீரை மெதுவாக, இடைவெளி விட்டு ஊற்றி, அடித்துளை வழியாக முழுவதும் வெளியேறவிடுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள்; இல்லையென்றால் கழுவிய உப்பை மண் மறுபடியும் உறிஞ்சிக்கொள்ளும். இந்தப் பத்து நாட்களில் மீன்தொட்டியிலிருந்து எடுக்கும் நீரைத் தக்காளிக்கு, அதுவும் சம அளவு குழாய் நீர் கலந்து ஊற்றுங்கள். டிடிஎஸ் இறங்கிய பிறகு மற்றச் செடிகளுக்கும் கொடுக்கலாம். அவரைக்கு மட்டும் வேண்டாம்.

மறுமொழி: அயிரை

உப்பளத்தின் கணக்கை ஏற்கிறேன். இரண்டு இடங்களில் மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சோதனையில் அம்மோனியா தெரிகிற வரையில் நீர்மாற்றத்தோடு உணவையும் இரண்டு, மூன்று நாட்கள் முற்றிலும் நிறுத்துங்கள். நல்ல உடல்நிலையில் உள்ள தங்கமீன் அதற்கெல்லாம் மெலிந்துவிடாது. அடுத்தது, குழாய் நீரில் இருப்பது குளோரினா குளோரமினா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குளோரின் என்றால் வாளியில் ஒரு நாள் காற்றோட்டமாக வைத்தால் அகன்றுவிடும்; குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் அப்படிப் போகாது. அதைக் குளோரின் நீக்கியான சோடியம் தயோசல்ஃபேட்டால் முறிக்கும்போதும் அம்மோனியா வெளிப்படும் என்பதால், அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் வகை நீர்ப்பதன மருந்தே உங்கள் நிலைக்குப் பொருத்தமானது.

மூடாக்கு சொன்ன மிதக்கும் செடிகள் விஷயத்தில் எனக்கு உடன்பாடு பாதிதான். ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை முழுவதும் மூடிவிட்டால் காற்றும் நீரும் சந்திக்க இடமே இருக்காது. இரவில் அதுவே மூச்சை அடைக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவவிடக் கூடாது, அதிகப்படியானதை எடுத்து மூடாக்கில் போட்டுவிடலாம். அதைவிட, ஒரு மணிபிளான்ட் கொடியின் வேரை மண்ணில்லாமல் நன்றாகக் கழுவி, வேர் மட்டும் நீருக்குள்ளும் இலைகள் வெளியிலும் இருக்கும்படி தொட்டியின் ஓரத்தில் செருகி வையுங்கள். காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு நீரிலிருந்து நைட்ரேட்டை இழுக்கும், மேற்பரப்பையும் மறைக்காது. உரமிட்ட மண்ணில் வளர்ந்த கொடியானால் சில நாட்கள் வெறும் நீரில் வைத்திருந்து பிறகு செருகுங்கள்.

இப்போது மருந்து தெளிப்பு. பலரும் கவனிக்காத ஒன்று, ஏர் பம்ப் அறைக்காற்றை இழுத்து நேரே நீருக்குள் செலுத்துகிறது என்பது. பால்கனியில் தெளிக்கும் எதுவும் உள்ளே வந்தால் அந்த வழியாகவே மீனைச் சேரும். வேப்பெண்ணெயும் அதோடு கலக்கும் சோப்பும் நீருக்குள் போனால் மீனுக்குக் கேடு. சோப்பு செவுளின் மெல்லிய படலத்தை நேரடியாகத் தாக்கும். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகளோ மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். பல கொசுவிரட்டிகளில் இருப்பதும் அந்த வகைதான் என்பதால் மீன்தொட்டி இருக்கும் அறையில் அவற்றை ஏற்றி வைக்காதீர்கள். செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லிகளும் அப்படியே. இறால் வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வெண்டைக்கு வேப்பெண்ணெய் அவசியம் என்றால், அந்தச் செடித்தொட்டியை பால்கனியின் கடைசி மூலைக்கு நகர்த்தி, கதவை மூடி, மீன்தொட்டியைத் துணியால் போர்த்தி, வெயில் தணிந்த மாலையில் தெளியுங்கள். 32 டிகிரிக்கு மேல் எண்ணெய் தெளித்தால் இலையே கருகும். கையை முழங்கை வரை கழுவி, நன்றாக அலசிய பிறகே மீன்தொட்டியில் கை வைக்க வேண்டும்.

மறுதிசையிலும் இதே கவனம் வேண்டும். மீன்களுக்கு எப்போதாவது மருந்து போட்டாலோ உப்பு இட்டாலோ, அந்தக் காலத்து நீரைச் செடிகளுக்கு, முக்கியமாக உண்ணும் காய்கறிகளுக்கு, ஊற்றவே கூடாது. மாலகைட் பச்சை என்ற மீன்மருந்து கலந்த நீர் அதில் முதன்மையானது.

நீர்முள்ளி

தெளிவாகிவிட்டது; நாளை காலை அவரைத் தொட்டியைக் கழுவிவிடுகிறேன். ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. இரவில் எடுக்கும் பத்து லிட்டர் நீரைக் காலையில் செடிகளுக்கு ஊற்ற வாளியில் வைக்கலாமா? வெயில் குறைந்ததும் விதைக்க லெட்டூஸ் விதையும் வாங்கி வைத்திருக்கிறேன். இப்போதே நாற்று விட்டால் முளைக்குமா?

மறுமொழி: மூடாக்கு

ஓரிரவு வைப்பதில் தவறில்லை, ஆனால் துணியால் இறுகக் கட்டி மூடி வையுங்கள். கோடை வெப்பத்தில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாட்களில் வளர்ந்துவிடும். அதனுடைய முட்டைகள் வாளியின் உட்சுவரில் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு ஒட்டியிருக்கும் என்பதால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரை நாராலோ பிரஷாலோ தேய்த்துக் கழுவ வேண்டும். செடித்தொட்டிகளின் அடித்தட்டுகளுக்கும் இதுவே பொருந்தும்.

லெட்டூஸ் விதை 30 டிகிரிக்கு மேலான மண்ணில் முளைக்காமல் உறங்கிவிடும். விதையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஈரத்துணியிலோ காகிதத்திலோ பரப்பி, குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் இரண்டு, மூன்று நாட்கள் வைத்திருந்து, பிறகு நிழலான இடத்தில் மேலோட்டமாக விதையுங்கள். இதற்கு வெளிச்சம் தேவை என்பதால் மண்ணை மிக மெல்லியதாகவே தூவ வேண்டும். நாற்றங்காலுக்கு மீன்தொட்டி நீர் வேண்டாம், டிடிஎஸ் இறங்கும் வரை குழாய் நீரே ஊற்றுங்கள்.